இருபத்துநாலு பூனைகளின் எடை

எனக்குப் பூனை ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நாகநாதன் பூனைக்குப் பரிந்து பேசுகிறான் என்று யாரும் கிளப்பிவிடக் கூடாது. இன்சீன் ரயில்வே பட்டறையில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன் நான். அந்தப் பட்டறைப் பூனைகள் என் டிபன் கேரியரைத் திறக்கப் பழகியிருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அப்படிப்பட்டவன் ஆறு நாள் ஒரு பூனை ஆஸ்பத்திரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் என்றால், அது கீழ்வீட்டு ஸமீராவுக்காக.

ரங்கூனில் தாமுவே மார்க்கெட்டின் பின்சந்தில் எங்கள் கட்டடம். மாடியில் நானும் என் வீட்டுக்காரி பவுனம்மாளும். கீழே பர்கத்துல்லா ராவுத்தரின் பருப்புக்கடை. கடையை ஒட்டிப் பலகை அடைத்த ஓர் அறை, முன்பு உளுந்து மூட்டை அடுக்கிவைத்த இடம். அதில்தான் ராவுத்தரின் மகள் ஸமீரா ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். யெசினில் கால்நடை மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். எங்கள் தமிழ் ஜனங்களில் மிருக வைத்தியம் படித்த பெண் நான் அறிய அவள் ஒருத்திதான். அவள் படித்ததில் எனக்கு என்ன பங்கு? ஒன்றுமில்லை. ஆனால் அவள் பெயர்ப்பலகையை அடித்த அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதை நான் சொல்லாத ஆள் தாமுவேயில் கிடையாது.

ஊர்வாய் சும்மா இருக்குமா? "பொம்பளப் புள்ளையப் படிக்க வச்சு பூனைக்கு வயித்தைக் கிழிக்க விட்டிருக்காரு ராவுத்தரு" என்று பள்ளிவாசல் வாசலிலேயே ஒருவர் சொன்னார். பர்கத்துல்லா நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டே, "கிழிக்க யாராலயும் முடியும். தைக்கத்தான் படிக்கணும்" என்றார். அன்று முதல் எனக்கு ராவுத்தர் மேல் தனி மரியாதை.

இது இரண்டாயிரத்து நாலாம் வருஷம், தை மாதம். ரங்கூனில் குளிர் என்று சொல்லிக்கொள்ள இருக்கிற ஐந்தாறு வாரத்தில் நடந்தது. சந்து முனையில் ஒரு பொங்கி மடம் இருக்கிறது. மார்க்கெட்காரர்கள் வேண்டாத பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டி அந்த மடத்து வாசலில்தான் விட்டுவிட்டுப் போவார்கள். புத்த பிக்குகள் அடிக்கவும் மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். பூனைகள் பெருகிப் பிரார்த்தனைப் பாயில்கூட உட்கார இடமில்லாமல் போனது. பெரிய பொங்கி ஸமீராவைக் கூப்பிட்டு, "இருக்கிறது இருக்கட்டும் டாக்டர். இனிமேல் பிறக்காமல் மட்டும் பார்த்துக்கொள்" என்று கேட்டுக்கொண்டார்.

ஸமீரா அதை வெறும் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மனசில் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. பூனைக்கு மயக்க வாயு கொடுக்கும் மெஷின் எங்கள் ஊர் டாக்டர்களிடம் ஏது? எல்லாம் ஊசிதான். கெட்டமினும் ஸைலஸினும் கலந்து போடுவது பழைய கலவை. எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் பூனை வாந்தியெடுக்கும், பாதியில் அசையும் என்று டாக்டர்கள் எல்லாரும் அதைக் குறை சொன்னார்கள். பாங்காக்கிலிருந்து வரும் புதிய கலவையில் மூன்று மருந்து. அதில் வலி தெரியாமலிருக்கவே ஒரு மருந்து தனியாக உண்டு. வேலை முடிந்ததும் எழுப்பிவிட இன்னோர் ஊசியும் உண்டு. ஆனால் ரங்கூனை விட்டு வெளியே போனால் அது கிடைக்காது. எது மேல் என்று இங்கே யாரும் பூனைகளை எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை. ஸமீரா சொல்ல நினைத்தாள். மாசக் கடைசியில் இன்சீனில் கால்நடை டாக்டர்கள் கூட்டம். ஆராய்ச்சி சுத்தமாக இருந்தால் வெளியூர் டாக்டர்களை அவள் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிப் பயிற்சி எடுக்கச் சொல்வதாகக் கூட்டத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். உளுந்து மூட்டை அறைக்கு டாக்டர்கள் படிக்க வருவதா? ராவுத்தர் ஆள் வைத்துச் சுண்ணாம்பே அடித்துவிட்டார்.

"மாமா, ஊசி போட்டதுலேருந்து பூனை சாயற வரைக்கும் எத்தனை நிமிசம், தலை தூக்கற வரைக்கும் எத்தனை நிமிசம், இதைப் பிசகாம எழுத ஒரு ஆள் வேணும்" என்று என்னிடம் வந்தாள்.

"பூனைக்கெல்லாம் நான் டைம் எழுதவா?"

"ஒங்களை விட்டா தாமுவேயில யாரு இருக்கா? முப்பத்தொரு வருசத்துல ஒரு நிமிசம் தப்பா எழுதினதில்லன்னு நீங்கதானே சொல்வீங்க?"

பெண் என் பலவீனத்தைத் தெரிந்து வைத்திருந்தாள். அன்றைக்கே புது நோட்டு வாங்கிப் பட்டறை முறைப்படி கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். பூனையின் நிறம், எடை, ஊசி நேரம், சாய்ந்த நேரம், தலை தூக்கின நேரம், மறு ஊசி உண்டா. கோடு போட்ட அழகைப் பார்த்துப் பவுனம்மாள், "பூனைக்குச் சம்பளம் போடப் போறீங்களா" என்று கேட்டாள்.

பெண் பூனைகள் இருபத்துநாலு. ஒரு நாளைக்கு நாலு. புட்டிகள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு நாள் பழைய கலவை, மறுநாள் புதிய கலவை என்று வைத்துக்கொண்டாள். எங்கள் சந்துக்குக் கரண்டும் அப்போது அப்படித்தான். ஒரு நாள் உண்டு, ஒரு நாள் கிடையாது. முதல் நாள் பழைய கலவை, அன்றைக்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் ஸமீராவின் மின்சாரத் தராசு வேலை செய்யவில்லை. கடைத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

நிறுத்தது ஸமீராவின் உம்மா, ஹமீதுன்னிசா. அந்த அம்மாளின் நிறுவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடையில் தராசு அவர் கையில்தான். கை நிறையத் துவரம்பருப்பை அள்ளினால் அள்ளினதுதான் எடை. தட்டில் போடுவது வாடிக்கைக்காரர் திருப்திக்காக. பூனை தட்டில் உட்காராது அல்லவா? மைதா மூட்டைத் துணியில் சுருக்குப்பை தைத்து, தலை மட்டும் வெளியே தெரிய அதைப் பையில் இறக்கி ஒரு தட்டில் வைத்தார். அதே துணியில் அதே அளவில் இன்னொரு பை தைத்து மறுதட்டில் கல்லோடு போட்டார். பையின் எடை கழிந்துவிட்டது. யெசினில் படித்த மகளுக்கே இது தோன்றவில்லை.

கடையில் நிறுத்துவிட்டுப் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பார். "கறுப்பி. ரெண்டு."

நான் எழுதுவேன், கறுப்பு, 2. ஸமீரா என் நோட்டைப் பார்த்து ஊசியில் மருந்தை ஏற்றுவாள்.

"வரிப்பூனை. ரெண்டே கால்."

எழுதுவேன், 2.25. காதில் விழுந்ததை எழுதுவது, எதிர்க்கேள்வி கேட்காதது. பட்டறையில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்தக் குணம்தான்.

பழைய கலவை நாட்களில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊசி போட்டு எட்டு நிமிஷம் ஆகியும் பூனை தள்ளாடிக்கொண்டு நிற்கும். சாய்ந்த பிறகும் கத்தி பட்டால் கால் இழுக்கும். பன்னிரண்டில் ஒன்பதுக்கு மறு ஊசி. அந்தக் கறுப்பி வயிறு திறந்திருக்கும்போதே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நிமிஷத்தை மட்டும் சரியாக எழுதினேன். ஸமீரா குரலை உயர்த்தவில்லை. "உம்மா, தலையைப் புடிங்க. மாமா, மணி சொல்லுங்க" என்றாள். மறு ஊசி போட்டாள், காத்திருந்தாள், தைத்து முடித்தாள். ஹமீதுன்னிசா கொண்டைக்கடலையை இளஞ்சூடாக வறுத்துத் துணியில் கட்டிப் பூனையின் இரண்டு பக்கமும் வைத்தார். மயக்கத்தில் உடம்பு குளிர்ந்துவிடுமாம். கடலைச் சூடு ஒரு மணிநேரம் நிற்கும்.

புதிய கலவை நாட்களில் எல்லாம் சொன்னபடி நடந்தது. கரண்ட் இருந்ததால் மின்சாரத் தராசு, மேலே விளக்கு. பூனையைப் பையில் இறக்குவது மட்டும் அப்போதும் ஹமீதுன்னிசாதான். மூன்று நாலு நிமிஷத்தில் பூனை சாயும். வேலை முடிந்து எழுப்பும் ஊசி போட்டால் பத்து நிமிஷத்தில் எழுந்து என்னைப் பார்த்துச் சீறும். பன்னிரண்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் மறு ஊசி. இருபத்துநாலில் ஒன்றுகூடச் சாகவில்லை. அதில் எங்கள் எல்லாருக்கும் பெருமைதான்.

"முடிவு தெளிவா இருக்கு மாமா. பழைய கலவையை விட்டுடணும்" என்று ஸமீரா நோட்டை மூடினாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு. என்னையும் பவுனம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். பருப்புக்குழம்பு, இறால்பொடி போட்ட பலச்சாங், முருங்கைக்கீரை. சாப்பிட்டு முடித்ததும் ஸமீரா மறுநாள் வாசிக்க வேண்டியதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். பர்மியில் எழுதியிருந்தாள். "பழைய கலவைப் பூனைகளின் சராசரி எடை இரண்டு புள்ளி ஒன்று கிலோ. புதிய கலவைப் பூனைகளின் சராசரி மூன்று புள்ளி நான்கு கிலோ."

ஹமீதுன்னிசா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். "அதைத் திருப்பி வாசி."

வாசித்தாள்.

"தப்பு. எல்லாம் ஒரே கனம்தான்."

"இல்ல உம்மா, மொதல்ல வந்ததெல்லாம் மெலிஞ்ச பூனை. நோட்டுல இருக்குல்ல."

"நோட்டுல என்ன இருந்தா என்ன? இருபத்துநாலையும் பையில எறக்குனது இந்தக் கைதானே? மொத நாள் கறுப்பியும் கடேசி நாள் வெள்ளையும் ஒரே கனம். ஒரு கைப்பிடிப் பருப்பு கூடக் கொறைய இருக்கும். மூணுல ஒண்ணு கொறையும்னா என் கைக்குத் தெரியாதா?"

ஸமீரா தாளைக் கீழே வைத்தாள். "கரண்ட் இல்லாத நாள்ல எந்தக் கல்லும்மா போட்டீங்க?"

"எந்தக் கல்லுன்னா? நம்ம கல்லுதான். வீசைக்கல்லு."

எங்கள் ஊரில் இன்றைக்கும் மார்க்கெட் எடை வீசைதான். ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்கும் மேலே. ராவுத்தர் கடையில் கிலோக்கல்லும் ஒரு செட் உண்டு. இந்தியாவிலிருந்து மூட்டை வந்தால் சரிபார்க்க மட்டும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு நிறுத்தால் கிலோக்கல்தான் போடுவார் என்று மகள் நினைத்துக்கொண்டாள். கடைத் தராசில் நிறுத்தால் வீசையில்லாமல் வேறென்ன என்று தாய் நினைத்துக்கொண்டார். நடுவில் உட்கார்ந்து நோட்டு எழுதினவன் நான். எடை என்று தலைப்புப் போட்டேன். வீசையா கிலோவா என்று போடவில்லை, கேட்கவும் இல்லை. ஐந்து பங்கு மருந்து போட வேண்டிய பூனைக்கு மூன்று பங்குதான் போயிருக்கிறது. அசையாமல் என்ன செய்யும்?

வாயில் இருந்த வெற்றிலை எனக்குக் கசந்துபோயிற்று.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? எல்லா எடையையும் பெருக்கிக் கிலோவாக்கிடலாம். நான் இப்பவே ஒக்காந்து போட்டுத்தர்றேன்" என்றேன். வெட்கத்தில் வந்த யோசனை.

"எடையைப் பெருக்கலாம் மாமா. போட்ட மருந்து கூடுமா?" என்றாள் ஸமீரா.

பர்கத்துல்லா தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிடும்மா. அடுத்த வருசக் கூட்டத்துல வாசிச்சுக்கலாம். சுண்ணாம்பு அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்."

"அதுக்குள்ள நான் தலைவர்கிட்ட முடிவைச் சொல்லிட்டேன் வாப்பா. நாலு பேருக்கு அவர் சொல்லியிருப்பாரு. பழைய கலவை ஒதவாதுன்னு ஊரெல்லாம் போயிடும். புதுசு கெடைக்காத ஊர்ல என்ன செய்வாங்க? ஒண்ணுமே போடாம வெட்டுவாங்க."

"அப்ப போய்ச் சொல்லப் போறியா?" என்றார் ராவுத்தர். "அம்பது டாக்டர் முன்னாடி நின்னு, எனக்கு நிறுக்கத் தெரியலன்னு சொல்லப் போறியா? அப்புறம் எவன் இந்த ரூமுக்குப் படிக்க வருவான்?"

"வர மாட்டாங்க" என்றாள். குரல் இறங்கிவிட்டது. அந்த ஆசை அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஹமீதுன்னிசா அதையெல்லாம் கேட்ட மாதிரி இல்லை. "அந்தக் கறுப்பிக்கு வலிச்சிருக்குமா?" என்றார்.

ஸமீரா பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். "வலிச்சிருக்கும்மா" என்றாள்.

தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப போய்ச் சொல்லிட்டு வா. நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் நால்வரும் இன்சீன் போனோம். காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் இடம் பிடித்துக் கொடுத்தேன். அது என் பாதை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று வழக்கமாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

கூட்டத்தில் அறுபது பேருக்கு மேல். நாங்கள் மூவரும் கடைசி வரிசை. ஸமீரா தனக்கா மரப்பட்டைச் சாந்து தடவிய முகத்தோடு, பச்சை லோஞ்சியும் வெள்ளைச் சட்டையும் தலைமறைத்த துண்டுமாக மேடையேறினாள். "என் தாளில் உள்ள முடிவு தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று பர்மியில் ஆரம்பித்தாள். கரண்ட் இருந்த நாள், இல்லாத நாள், வீசைக்கல், கிலோக்கல் எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. மூன்று பங்கு மருந்தில் கண்ணைத் திறந்த கறுப்பியைப் பற்றியும் சொன்னாள்.

முன்வரிசையில் ஓர் இளம் டாக்டர், "யாரை வைத்து நிறுத்தீர்கள்? எழுதினது யார்? படித்தவர்கள் இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள்.

"என் ஆஸ்பத்திரி. கல்லைப் பார்க்காமல் ஊசியில் மருந்து ஏற்றினது நான். தவறு என்னுடையது" என்றாள் ஸமீரா.

எனக்குச் சௌகரியமான பதில்தான். உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவள் மேல் விழுந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "எழுதினது நான். நாகநாதன், ரயில்வே டைம்கீப்பர். வீசையா கிலோவா என்று நான்தான் கேட்கவில்லை" என்றேன். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் நான் சொல்லாத வார்த்தை அது.

பக்கத்தில் ஹமீதுன்னிசா எழுந்தார். "நிறுத்தது நான். அவளைப் பெற்றவள். பருப்பு நிறுக்கிறவள்."

ராவுத்தர் மட்டும் உட்கார்ந்திருப்பாரா? "தராசும் கல்லும் என்னுடையவை" என்றார்.

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உட்காருங்கள், உட்காருங்கள். அந்த வீட்டிலிருந்து இன்னும் யாராவது வந்திருக்கிறீர்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூன்றாம் வரிசையில் நரைத்த தலை ஒருவர் மெதுவாக எழுந்தார்.

"நீங்கள் அவர்கள் மாமாவா?" என்றார் தலைவர்.

"நான் மாவ்பின் ஊர் டாக்டர்" என்றார் அவர். சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கள் ஊரில் மீன் நிறுக்கிற தராசில்தான் நாயையும் பூனையையும் நிறுக்கிறோம். வீசைக்கல்தான். மருந்துப் புட்டியில் கிலோ என்று போட்டிருக்கிறது. பதினொரு வருஷமாக நான் அந்தப் பழைய மருந்தைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். என் பூனைகளும் பாதியில் விழிக்கின்றன."

அவர் உட்காரவில்லை. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண் டாக்டர் எழுந்தார். பிறகு சுவரோரமாக ஒருவர். பேசவில்லை, எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். நான் வழக்கம்போல எண்ணினேன். பதினேழு பேர். கடைசியாக எழுந்தவர் அந்த முன்வரிசை இளம் டாக்டர்.

தலைவர் ஸமீராவைப் பார்த்தார். "மறுபடி செய்ய எத்தனை நாள் வேண்டும்?"

"மூன்றே நாள். பழைய கலவையை மட்டும் சரியான எடைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மடத்தில் இன்னும் பூனைகள் இருக்கின்றன."

"எங்கே?"

"பருப்புக்கடைக்குப் பக்கத்து அறையில்."

"எழுந்து நிற்கிறவர்கள் எல்லாரும் தாமுவேக்குப் போய்ப் பாருங்கள்" என்றார் தலைவர். ஹமீதுன்னிசா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ராவுத்தர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தும்மல் வந்த மாதிரி.

அந்த மாதிரி ஒரு பெருமை என் சொந்தப் பிள்ளை கல்யாணத்தில்கூட எனக்கு வந்ததில்லை. பெயர் கொடுக்க மேடையடியில் வரிசை சேர்ந்தது. அவரவர் எந்த மருந்து, எவ்வளவு போடுகிறார்கள், எந்தக் கல்லில் நிறுக்கிறார்கள் என்று ஸமீரா கேட்க ஆரம்பித்தாள். இரண்டு பேருக்கு மேல் அவளால் கேட்டு எழுத முடியவில்லை. தலையைத் தூக்கிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். அத்தனை பர்மாக்காரர்களுக்கும் நடுவில் தமிழில் கூப்பிட்டாள்.

"மாமா, நோட்டை எடுத்துக்கிட்டு மேல வாங்க. எழுத நீங்கதான் வேணும்."

ராவுத்தர் என் முதுகில் தட்டி அனுப்பினார். மேடையில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பக்கத்தைத் திருப்பினேன். மாவ்பின் டாக்டர் தன் பெயரைச் சொன்னார். நான் பேனாவை மேலேயே பிடித்துக்கொண்டு, "டாக்டர் ஸயா, எடை எதில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.